வேரா முகினா: அந்த எஃகுச் சிலையைச் செய்தவரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சோவியத் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொடக்கக் காட்சி நினைவிருக்கும். கதை தொடங்கும் முன்னால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சுத்தியலையும் அரிவாளையும் தூக்கிப் பிடித்தபடி மெல்லத் திரும்புவார்கள். 1947-லிருந்து மொஸ்ஃபில்ம் ஸ்டூடியோவின் முத்திரை அது. "தொழிலாளியும் கூட்டுப்பண்ணைப் பெண்ணும்" என்ற அந்தச் சிலையைச் செய்தவர் வேரா முகினா என்ற ஒரு பெண் என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியம், உடனே கேள்விகள் வரிசையாக வரும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இந்த வேரா முகினா?

சோவியத் ஒன்றியத்தின் மிகப் பெரிய சிற்பிகளில் ஒருவர். 1889-ல் லாத்வியாவின் ரீகா நகரத்தில் பிறந்தார், அப்போது அது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. 1953 அக்டோபர் 6 அன்று மாஸ்கோவில் இறந்தார். 64 வயது. ஜார் ஆட்சி, இரண்டு உலகப் போர்கள், புரட்சி, உள்நாட்டுப் போர், ஸ்டாலின் காலம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஸ்டாலின் இறந்த ஏழு மாதத்தில் போய்ச் சேர்ந்தார். ஐந்து முறை ஸ்டாலின் பரிசு வாங்கியவர், 1943-ல் மக்கள் கலைஞர் பட்டமும் கிடைத்தது. இந்த விருதுப் பட்டியலை மட்டும் பார்த்தால் வாழ்நாள் முழுக்க அரசின் செல்லப்பிள்ளையாக இருந்தவர் என்றுதான் தோன்றும். கீழே படித்துப் பாருங்கள்.

தொழிலாளிக்குச் சிலை வைத்தவர் தொழிலாளி வீட்டில்தான் பிறந்தாரா?

இல்லை. வசதியான வியாபாரக் குடும்பம். அம்மா காசநோயில் இறந்தபோது வேரா கைக்குழந்தை மாதிரிதான், இரண்டு வயது இருக்கும். குழந்தைகளுக்கும் அந்த நோய் வந்துவிடுமோ என்று பயந்து அப்பா அவர்களைக் கிரைமியாவில் கடலோரம் உள்ள ஃபியடோசியாவுக்குக் கூட்டிப்போனார். பதின்வயதில் அப்பாவும் இறந்துவிட, அக்காவும் இவரும் சித்தப்பா பெரியப்பாமாரின் பொறுப்பில் கூர்ஸ்க் நகரத்தில் வளர்ந்தார்கள். பணத்துக்குக் குறைவில்லை, நல்ல உடை, நடன விருந்துகள் எல்லாம் இருந்தன. பிறகு மாஸ்கோவுக்கு வந்து ஓவியர்கள் கான்ஸ்டன்டின் யுவோன், இல்யா மஷ்கோவ் ஆகியோரின் பட்டறைகளில் வரையக் கற்றுக்கொண்டார்.

சிற்பத்துக்கு வந்த வழி வேறு. 1912-ல் ஸ்மொலென்ஸ்க் பக்கம் உறவினரின் பண்ணைக்குப் போனபோது பனிச்சறுக்கு வண்டியில் மேட்டிலிருந்து இறங்கி ஒரு மரத்தில் மோதிவிட்டார். முகம் சிதைந்தது, மூக்கு அறுபட்டுத் தொங்கியது, பல அறுவைச் சிகிச்சைகள் தேவைப்பட்டன. அவர் படுக்கையில் கிடந்த நாட்களில் வீட்டில் யாரும் கண்ணாடியே கொடுக்கவில்லை என்று சொல்வார்கள். அதுவரை தனியாக வெளிநாடு போய்ப் படிக்க விடாத பெரியவர்கள், இந்தப் பெண்ணின் மனது ஆறட்டும் என்று பாரீஸுக்கு அனுப்ப ஒத்துக்கொண்டார்கள்.

பாரீஸில் யாரிடம் படித்தார்?

அந்த்வான் பூர்தெல். புகழ்பெற்ற பிரெஞ்சுச் சிற்பி ரோடினிடம் உதவியாளராக இருந்தவர். ரோடினின் பாணி என்றால் தசையின் மேல் ஒளி விழுந்து நடுங்குவது போன்ற மேற்பரப்பு. பூர்தெல் அதிலிருந்து விலகி, கட்டடம் எழுப்புவது மாதிரி சிலையை எழுப்பச் சொன்னவர்: எடை எங்கே இறங்குகிறது, எந்தப் பக்கம் இழுக்கிறது, தூரத்திலிருந்து பார்த்தால் வெளிக்கோடு எப்படித் தெரிகிறது. முகினா பிற்காலத்தில் செய்த எல்லாவற்றிலும் இந்தப் பாடம் இருக்கிறது. 1914-ல் தோழி லியுபோவ் போபோவாவோடு இத்தாலிக்குப் போய் மைக்கேலாஞ்சலோவின் வேலைகளை நேரில் பார்த்தார். போபோவா பின்னாளில் ரஷ்ய நவீன ஓவியத்தில் பெரிய பெயர். ஊர் திரும்பியதும் முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது, சிற்பத்தை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்தார். அங்கேதான் டாக்டர் அலெக்ஸி ஜாம்கோவைச் சந்தித்தார். 1918-ல் திருமணம்.

சோசலிச யதார்த்தவாதம் என்றால் என்ன? அவர் ஆரம்பத்திலிருந்தே அந்தப் பாணியா?

நம் முற்போக்கு இலக்கிய விவாதங்களில் அடிபட்ட சொல்தான். 1934-ல் சோவியத் எழுத்தாளர்களின் முதல் மாநாட்டில் அதிகாரபூர்வக் கொள்கையாக அறிவிக்கப்பட்டு, பிறகு எல்லாக் கலைக்கும் விதியானது. வாழ்க்கையை யாருக்கும் புரியும்படி, கண்ணால் பார்ப்பது போலவே காட்ட வேண்டும், ஆனால் அது எங்கே போய்ச் சேர வேண்டுமோ அந்த எதிர்காலத்தின் வெளிச்சத்தில் காட்ட வேண்டும். உழைப்பவர்தான் நாயகர். சோர்வு, சந்தேகம், தோல்வி இவற்றுக்கெல்லாம் அதில் இடம் குறைவு.

முகினாவோ இருபதுகளில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தவர். உருவங்களைக் கோணவடிவங்களாக உடைத்துக் காட்டும் க்யூபிச பாணியின் வாசனையுள்ள "புரட்சியின் தீப்பிழம்பு" என்ற வடிவத்தை 1922-23 வாக்கில் செய்தார், காற்றில் முறுகிப் பறக்கும் ஓர் உருவம், புரட்சித் தலைவர்களில் ஒருவரான ஸ்வெர்ட்லோவின் நினைவாக வைப்பதற்காக. நாடக மேடைக்கு ஓவியர் அலெக்ஸாந்திரா எக்ஸ்தரோடு வேலை செய்தார். ஆடை வடிவமைப்பாளர் நதேழ்தா லமானவாவோடு சேர்ந்து சாதாரணத் துணியில், எளிய வெட்டில், யாரும் வீட்டிலேயே தைத்துக்கொள்ளக்கூடிய உடைகளை வடிவமைத்தார். 1925-ல் பாரீஸ் கண்காட்சியில் அந்த உடைகளுக்கு முதன்மைப் பரிசு கிடைத்தது. பட்டும் சரிகையும் குவிந்திருந்த கண்காட்சியில் முரட்டுத் துணி பரிசு வாங்கியது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பஞ்ச காலத்தில் பட்டறையைச் சூடேற்ற விறகு கிடையாது. ஒரு சிலைக்கு வடித்த களிமண் மாதிரி குளிரில் உறைந்து உதிர்ந்தே போனது.

"உழவர் பெண்" சிலையை ஏன் அவ்வளவு புகழ்கிறார்கள்?

1927-ல், புரட்சியின் பத்தாம் ஆண்டுக் கண்காட்சிக்குச் செய்தது. முதல் பரிசு பெற்றது. ஒரு கிராமத்துப் பெண், கைகளைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு நிற்கிறாள். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கால்களைப் பாருங்கள்! தூண் மாதிரி, வயலிலிருந்து முளைத்த மாதிரி. அறுவடை முடிந்து கதிர்க்கட்டுக்குப் பக்கத்தில் நின்று, "வேலை முடிந்தது, இப்போது என்ன?" என்று கேட்கிற உடம்பு. புன்னகை கிடையாது, கொடி கிடையாது. பிற்காலச் சோவியத் சிலைகளில் வரும் பளபளப்பான மகிழ்ச்சி இதில் துளியும் இல்லை, அதனாலேயே என் கணக்கில் இது அவருடைய மிகச் சிறந்த வேலைகளில் ஒன்று. 1934-ல் வெனிஸ் கண்காட்சிக்கும் இந்தச் சிலை போனது.

அவருடைய கணவருக்கு என்ன ஆயிற்று?

இதைக் கேட்காமல் முகினாவைப் புரிந்துகொள்ள முடியாது.

ஜாம்கோவ் நல்ல அறுவைச் சிகிச்சை நிபுணர். அவர்களுடைய மகன் வ்செவலோதுக்கு நான்கு வயது இருக்கும்போது ரயில் பாதையின் கரையிலிருந்து விழுந்து அடிபட்டு, எலும்புக் காசநோய் பிடித்துக்கொண்டது. மற்ற மருத்துவர்கள் கையை விரித்தார்கள். ஜாம்கோவ் வீட்டிலேயே, சாப்பாட்டு மேசையில் படுக்க வைத்து, தன் பிள்ளைக்குத் தானே அறுவைச் சிகிச்சை செய்தார். கூட நின்று உதவியவர் வேரா. பையன் பிழைத்தான்.

இருபதுகளின் முடிவில் ஜாம்கோவ் கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து ஹார்மோன் கலந்த ஒரு மருந்தைத் தயாரித்தார். கிராவிடான் என்று பெயர். பெரிய மனிதர்கள் எல்லாம் வந்து போட்டுக்கொண்டார்கள், கூடவே போலி மருத்துவர் என்ற குற்றச்சாட்டும் பத்திரிகைத் தாக்குதலும் கிளம்பின. 1930-ல் தம்பதியர் நாட்டை விட்டு வெளியேற முயன்று வழியில் பிடிபட்டார்கள். ஜாம்கோவைத் தண்டனையாக ரஷ்யாவுக்குள்ளேயே வொரோனெஷ் நகரத்துக்கு அனுப்பினார்கள். முகினாவும் கூடவே போனார். 1932-ல் திரும்ப அனுமதித்து, ஜாம்கோவுக்கென்று ஓர் ஆய்வு நிறுவனமே திறந்து கொடுத்தார்கள். 1938-ல் அதையும் மூடிவிட்டார்கள். 1942-ல் ஜாம்கோவ் இறந்தார். அதாவது, உலகமே பார்த்த அந்தச் சோவியத் சிலையைச் செய்த ஆண்டுகளில் முகினா, ஒருமுறை நாட்டை விட்டு ஓடப் பார்த்து மாட்டிக்கொண்ட குடும்பத்துப் பெண்.

"தொழிலாளியும் கூட்டுப்பண்ணைப் பெண்ணும்" யாருடைய யோசனை?

அடிப்படை யோசனை கட்டடக் கலைஞர் போரிஸ் இயோஃபானுடையது. 1937 பாரீஸ் உலகக் கண்காட்சிக்குச் சோவியத் அரங்கை வடிவமைத்தவர் அவர். படிப்படியாக உயர்ந்துகொண்டே போகும் நீளமான கட்டடம், அதன் முனையில் கப்பலின் முகப்பில் நிற்பது போல ஒரு ஜோடி. பண்டைய கிரேக்கச் சிலைகள் அவர் மனதில் இருந்தன. சிற்பிகளுக்கு ஒரு போட்டி வைத்தார்கள், முகினாவோடு இவான் ஷாதர், மத்வேய் மனிஸர், வ்யாச்செஸ்லாவ் அந்த்ரேயெவ் ஆகியோர் கலந்துகொண்டார்கள். முகினா வென்றார்.

இயோஃபானின் வரைபடத்தில் அந்த ஜோடி கையை உயர்த்தி விறைப்பாக நிற்கிறது. அதை ஓட வைத்தவர் முகினா. முன்னே எடுத்து வைத்த ஒரு பெரிய காலடி, எதிர்க்காற்று, பின்னால் இழுத்துப் பறக்கும் துணி. இந்த ஒரு மாற்றத்தில்தான் சிலை பிறந்தது என்பேன்.

அந்தப் பறக்கும் சால்வைக்கு அவ்வளவு சண்டையா?

ஆமாம், பெரிய சண்டை. முதல் மாதிரியில் ஆணின் உடல் ஆடையில்லாமல், துணி மட்டும் பறக்கும்படி செய்திருந்தார். உடை போடச் சொன்னார்கள். சரி, ஆணுக்கு வேலை உடுப்பு, பெண்ணுக்குப் பாவாடையும் கையில்லாத மேலுடையும் வந்தன. இப்போது பறப்பதற்குத் துணி ஏது? அதற்காகத்தான் சால்வை. கட்டடம் கிடைமட்டமாக நீண்டு கிடக்க, அதன் நுனியில் இரண்டு கைகள் மட்டும் செங்குத்தாக வானத்தைப் பார்த்து நின்றால் சிலை கட்டடத்தோடு ஒட்டாது, பின்னோக்கி நீளும் ஒரு கோடு வேண்டும் என்பது அவர் வாதம்.

பொறியாளர்களுக்கோ தலைவலி. சால்வை சுமார் 30 மீட்டர், எடை 5 டன்னுக்கு மேல், கீழே எந்தத் தாங்கலும் இல்லாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். மாதிரியைப் பார்க்க வந்த மொலோதவ், இந்தப் பெண் நடனக்காரியா, பனிச்சறுக்கு ஆடுபவளா, எதற்குச் சால்வை என்று கேட்டாராம். சமநிலைக்காக என்று முகினா பதில் சொன்னார். அவர் சொன்னது கண்ணுக்கான சமநிலை. கேட்டவரோ சிலை சாய்ந்துவிடாமல் இருக்க என்று புரிந்துகொண்டு சம்மதித்துவிட்டார். பிரதமர் பதவியில் இருந்தவரிடம், அதுவும் ஸ்டாலின் ஆட்சியில் ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த காலத்தில், தான் நினைத்த கோட்டை விட்டுக்கொடுக்காமல் நின்றிருக்கிறார்.

அந்தச் சால்வையை மனதுக்குள் அழித்துவிட்டுச் சிலையை ஒருமுறை பாருங்கள். இருவரும் நின்றுவிடுவார்கள்.

ஏன் எஃகு? வெண்கலத்தில் செய்திருக்கலாமே?

வெண்கலத்தில் அந்த அளவுக்கு வார்க்க நேரமும் இல்லை, அரங்கின் கூரை அந்த எடையைத் தாங்கவும் செய்யாது. பேராசிரியர் பியோத்தர் ல்வோவ் என்ற பொறியாளர் துருப்பிடிக்காத குரோம்-நிக்கல் எஃகுத் தகடுகளை மின்சாரப் புள்ளி வெல்டிங்கில் ஒட்டலாம் என்று சொன்னார். எஃகில் முகமும் சதையும் வருமா என்று முகினாவுக்கே சந்தேகம். சோதனைக்காக மைக்கேலாஞ்சலோவின் டேவிட் தலையை எஃகில் செய்து காட்டினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது.

வேலை நடந்த விதம் இப்படி. சுமார் ஒன்றரை மீட்டர் உயர மாதிரியை 15 மடங்கு பெருக்கினார்கள். மாதிரியில் ஒரு சென்டிமீட்டர் பிசகு என்றால் சிலையில் 15 சென்டிமீட்டர் கோணல். பெருக்கிய ஒவ்வொரு பகுதிக்கும் தச்சர்கள் மரத்தில் உட்குழிவான அச்சு செய்தார்கள், அதாவது உருவத்தின் மேடு மரத்தில் பள்ளமாக இருக்கும். அரை மில்லிமீட்டர் தகட்டை அந்தப் பள்ளத்துக்குள் வைத்து அடித்துப் படிய வைத்து, உள்ளே எலும்புக்கூடு மாதிரி இரும்புச் சட்டம் கொடுத்து வெல்டிங் செய்தார்கள். முகத்தையும் மடிப்பையும் உள்வெளியாகத் தலைகீழாக யோசிக்க வேண்டிய வேலை, கண்ணும் கையும் திகைத்துப் போகும். தச்சர்களுக்கும் தகட்டு வேலைக்காரர்களுக்கும் நடுவே அந்தக் குளிர்கால மாதங்கள் முழுக்க முகினாவும் அவருடைய உதவியாளர்கள் நீனா ஜெலன்ஸ்காயாவும் ஜினயீதா இவனோவாவும் நின்றார்கள்.

மொத்த உயரம் ஏறக்குறைய 24 மீட்டர், கிட்டத்தட்ட எட்டு மாடி. துண்டுகளாகப் பிரித்து 28 ரயில் பெட்டிகளில் பாரீஸுக்குப் போனது. வழியில் போலந்தில் ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழையாமல் சில பகுதிகளை வெட்டி எடுத்துப்போக வேண்டியிருந்தது. அங்கே போய் இரண்டு வாரத்துக்குள் பூட்டி நிறுத்திவிட்டார்கள்.

எதிரில் ஹிட்லரின் அரங்கு இருந்தது உண்மையா?

உண்மை. ஐஃபல் கோபுரத்துக்கு அருகே இரண்டு அரங்குகளும் நேருக்கு நேர். ஜெர்மன் அரங்கை வடிவமைத்த ஆல்பர்ட் ஷ்பேயர், சோவியத் அரங்கின் ரகசிய வரைபடத்தை முன்கூட்டியே பார்க்க நேர்ந்ததாகவும், அந்தப் பாய்ச்சலைத் தடுத்து நிறுத்துவது மாதிரி தன் கோபுரத்தை அமைத்ததாகவும் பின்னாளில் எழுதினார். உச்சியில் கழுகு. இரண்டு அரங்குகளுக்கும் தங்கப் பதக்கம் கொடுத்து அனுப்பினார்கள். நான்கு ஆண்டுகளில் அந்த இரண்டு நாடுகளும் போரில் இருந்தன.

சிலைக்குள் ட்ரொட்ஸ்கியின் முகம் ஒளிந்திருக்கிறது என்கிறார்களே?

பாவாடை மடிப்பில், ஸ்டாலினின் பரம எதிரியான ட்ரொட்ஸ்கியின் பக்கவாட்டு முகம் தெரிகிறது என்று அந்த நாட்களில் யாரோ மேலிடத்துக்கு முறையிட்டார்கள். இன்று கேட்டால் சிரிப்பு வரலாம். 1937-ல் இப்படி ஒரு வரி போதும், ஆள் காணாமல் போக. இரவில் விளக்கைப் போட்டுச் சோதித்தார்கள், ஸ்டாலினே நேரில் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார் என்றும் சொல்வார்கள். நல்லவேளை, சிலையும் பிழைத்தது, சிற்பியும் பிழைத்தார்.

பாரீஸுக்குப் பிறகு சிலை எங்கே போனது?

மாஸ்கோவுக்கே. அடிபட்ட பகுதிகளைச் சரிசெய்து 1939-ல் வேளாண் கண்காட்சி மைதானத்தின் வாசலருகே வைத்தார்கள். ஆனால் வைத்த பீடம் பத்து மீட்டர் சொச்சம்தான். பாரீஸில் 30 மீட்டருக்கு மேலே நின்ற சிலை. முகினா மனம் நொந்துபோனார், வெட்டிய அடிமரக் கட்டையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் என்று குறைப்பட்டார், வேறிடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் உயிரோடு இருந்தவரை நடக்கவில்லை. 2003-ல் சீரமைப்புக்காகக் கழற்றினார்கள், வேலை இழுத்துக்கொண்டே போய், 2009-ல்தான் மீண்டும் நின்றது. இம்முறை பழைய பாரீஸ் அரங்கைப் போன்ற உயரமான கட்டடத்தின் மேல். 70 ஆண்டு தாமதம்.

இந்த ஒரு சிலைதானா?

இல்லவே இல்லை. போர்க்காலத்தில் செய்த மார்பளவுச் சிலைகளைத் தேடிப் பாருங்கள்: காயத்தழும்போடு கர்னல் யூசுபோவ், கர்னல் ஹிஷ்ன்யாக், 1942-ல் செய்த "கொரில்லாப் போராளிப் பெண்", மரத்தில் செதுக்கிய கப்பல் கட்டுமான விஞ்ஞானி கிரிலோவ். எட்டு மாடிச் சிலையைச் செய்த அதே கை ஒரு மனிதரின் கண்ணிமைச் சுருக்கத்தையும் இவ்வளவு பொறுமையாகப் பிடித்திருக்கிறது. கணவருடைய தலையைச் சலவைக்கல்லில் செய்ததும் இருக்கிறது.

மாஸ்கோ இசைக் கல்லூரி வாசலில் இருக்கும் சைக்கோவ்ஸ்கி அவர் தொடங்கியது, அவர் இறந்த பிறகு 1954-ல் நிறுவப்பட்டது. இசையமைப்பாளர் உட்கார்ந்து ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறார், சுற்றியுள்ள வெண்கல வேலியில் அவருடைய மெட்டுகளின் இசைக்குறிப்புகள். நீஷ்னி நோவ்கரத்தில் இளைஞன் கார்க்கி நிற்கிறார், 1952-ல் வைத்தது. மாஸ்கோவில் உள்ள கார்க்கி, 1941-ல் இறந்துபோன ஷாதர் விட்டுச்சென்ற வடிவம், அதை முடித்துக் கொடுத்தவர் முகினா. போட்டியில் எதிரே நின்ற ஆளின் வேலை அது!

ரஷ்யாவின் பட்டைக் கண்ணாடி டம்ளரை வடிவமைத்தவர் அவர்தானா?

எங்கு போனாலும் இந்தக் கேள்வி. சோவியத் கேண்டீன்களில், ரயில்களில் எல்லாம் இருந்த அந்தப் பட்டை வைத்த தடிமனான டம்ளர், 1943-ல் முகினா வடிவமைத்தது என்று ஊரெல்லாம் பேச்சு. ஆவணம் எதுவும் அப்படிச் சொல்லவில்லை. பட்டை டம்ளர் ரஷ்யாவில் அதற்கு முன்பே இருந்தது, பெத்ரோவ்-வோத்கின் 1918-ல் வரைந்த காலையுணவு ஓவியத்திலேயே தேநீரோடு பட்டை டம்ளர் ஒன்று இருக்கிறது. ஆனால் முகினா கண்ணாடியில் நிஜமாகவே நிறைய வேலை செய்தார். லெனின்கிராடில் நிகலாய் கச்சாலவ் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து கலைக் கண்ணாடிப் பட்டறையை நடத்தினார், குவளைகளும் கண்ணாடியிலேயே சிலைகளும் செய்தார். வதந்திக்கு வேர் அங்கே இருக்கிறது.

ரீகாவின் சுதந்திரச் சின்னத்தைக் காப்பாற்றியது அவரா?

கார்லிஸ் ஸாலே வடித்த அந்தச் சின்னம் 1935-ல் திறக்கப்பட்டது, சுதந்திர லாத்வியாவின் அடையாளம். லாத்வியா சோவியத்துக்குள் வந்த பிறகு அதை இடிக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, இது உயர்ந்த கலை, தொடாதீர்கள் என்று முகினா கூட்டத்தில் எதிர்த்துப் பேசினார் என்பது அவருடைய மகன் சொன்னது. பிறந்த ஊர் அல்லவா. சின்னம் இன்றும் அங்கேயே நிற்கிறது.

எப்படிப் பார்த்தாலும் பிரச்சாரக் கலைதானே?

ஆமாம், அந்த எஃகு ஜோடி பிரச்சாரத்துக்காகவே செய்யப்பட்டது, அதை மறைக்க வேண்டியதில்லை. உழவர்களின் நிலங்களை ஒன்றாகச் சேர்த்த கூட்டுப்பண்ணைக்காகக் கிராமங்கள் பட்ட பாட்டையும் 1932-33 பஞ்சத்தில் இறந்த லட்சக்கணக்கானவர்களையும் நினைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் அரிவாளைப் பார்த்தால் மனது கனக்கிறது, எனக்கும் கனக்கிறது. அதே சமயம், சோழர் காலத்துக் கோயிலைப் பார்க்கும்போது ராஜாவின் படையெடுப்பு தெரிந்துகொண்டேதானே தூணில் கை வைத்துப் பார்க்கிறோம். முகினா தன் தொழிலில் பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அந்தக் காலடியின் வேகமும், "உழவர் பெண்"ணின் பாதமும், யூசுபோவின் தழும்பும் மேலிடத்து உத்தரவில் வரக்கூடியவை இல்லை. புகழ்வதென்றாலும் திட்டுவதென்றாலும் அருகில் போய்ப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

நேரில் பார்க்க எங்கே போக வேண்டும்?

மாஸ்கோவில் வேதன்கா மெட்ரோவில் இறங்கினால் எஃகுச் சிலைக்கு நடந்தே போகலாம், கீழே உள்ள கட்டடத்தில் அருங்காட்சியகமும் உண்டு. மாலை வெயிலில் போங்கள், தகடு சிவக்கும். மார்பளவுச் சிலைகள் பல த்ரெத்யகோவ் கலைக்கூடத்தில் இருக்கின்றன. நேரமிருந்தால் நொவொதேவிச்சி கல்லறைத் தோட்டத்துக்கும் போய் வாருங்கள். அங்கே கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில். "மக்களுக்காக என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன்" என்று டாக்டரின் கல்லில் எழுதியிருக்கிறது. முகினாவின் பெயருக்குக் கீழே: "நானும்."